‘நான்’ என்றே சொல்ல வேண்டும்

ஜெர்சி சிட்டி
4 அக்டோபர் 1998

அன்புள்ள அக்கா,

ஃபோனில் பேச ஆரம்பித்தால் நம் இருவரில் ஒருத்தி பாதியிலேயே ரிசீவரை வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதமென்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்டுவாய்.

புஷ்பவல்லி டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே வாலண்டியர் வேலை வாங்கிக் கொடுத்தும் ஏன் விட்டாய் என்று கேட்டாய். மாமாவின் அக்கா, உன் நாத்தனார் என்பதால் உனக்குச் சங்கடம், புரிகிறது. எனக்கும் அவர்மேல் மரியாதை குறையவில்லை. முப்பத்து நாலு வயதில் வங்கிக் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். மெடிக்கல் ஸ்கூலுக்குச் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்று தானாகவே சொன்னவர்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நான் செய்ததெல்லாம், ரோஸ் கலர் கோட்டு மாட்டிக்கொண்டு பத்திரிகை வண்டியைத் தள்ளியதுதான். லிஃப்டில் ஏறு, இறங்கு, பூங்கொத்தைக் கதவருகே வை, சிரி. நோயாளிகள் முகத்தைத் திருப்பி டிவி பார்த்தார்கள். மாலைக் கல்லூரியில் எனக்கு ஆலோசனை சொல்லும் அம்மையாரிடம் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டார்: “அப்ளிகேஷன்னு ஒண்ணு இல்லாட்டி, வர்ற சனிக்கிழமை அந்த வண்டியைத் தள்ளப் போவியா?”

அந்த வாரமே ரோஸ் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அக்கா.

பிறகு நானே தேடினேன். ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் ஒரு சர்ச்சின் பேஸ்மென்டில் சனிக்கிழமைகளில் இலவச கிளினிக் நடக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள், விசா காகிதம் சரியில்லாதவர்கள் வருகிறார்கள். முதல் நாள் தரையைத் துடைத்தேன். அடுத்த வாரம் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குஜராத்திப் பெரியவருக்கு என் அரைகுறை இந்தியில் மாத்திரை வேளையை விளக்கினேன். அவர் திருப்பிச் சொல்லிக் காட்டினார், சரியாக. வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டார்கள். தமிழையும் சொன்னேன். தமிழுக்கு அங்கே யார் வரப்போகிறார்கள்!

தென்றலுக்கு என் முத்தம்.

ஹம்சா


குபெர்டினோ
15 அக்டோபர் 1998

ஹம்சா,

முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

சர்ச் பேஸ்மென்டாம், காகிதம் இல்லாதவர்களாம். யாருக்கு என்ன நோய் என்று யாருக்குத் தெரியும்? இதற்கா கிரீன் கார்டு வருகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய்? புஷ்பவல்லி அண்ணியிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. கடைசியில் உன் மாமாதான் சொன்னார். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. “சின்னப் பொண்ணு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டும். லெட்டர் நான் குடுத்துடறேன்” என்றாராம். மனுஷி என்றால் அவர்தான்.

அண்ணியைப் பற்றி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தென்றல் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, இங்கே இருக்கிற டாக்டர்கள் பேசியது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி தன் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறி வந்தார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தால் “என்ன மருந்து, எவ்வளவு?” என்று கேட்பார். என் மகள் இன்று பள்ளிக்கூடம் போகிறாள் என்றால் அது அவர் போட்ட பிச்சை. அதனால் அவர் விஷயத்தில் நீ கொஞ்சம் பணிவாக இரு.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நாங்கள் நியூ ஜெர்சி வருகிறோம். அண்ணி வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. வீட்டு வேலைக்கென்று அண்ணி ஊரிலிருந்து வரவழைத்து வைத்திருக்கிற சாந்தாமணி சமைக்கிறாளாம். அரிசியும் பருப்பும் ஆட்டி அவள் சுடும் அடைக்கு ஈடே இல்லை. நீ வராமல் இருந்தால் நடப்பதே வேறு.

ஜலஜா


குபெர்டினோ
26 ஜனவரி 1999

ஹம்சா,

அண்ணி வீட்டிலிருந்து சாந்தாமணி காணாமல் போய்விட்டாள்! பத்து நாளாகிறதாம். அண்ணி யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். நேற்றுத்தான் உன் மாமாவிடம் அழுதார். குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கப் போனவள் திரும்பி வரவில்லை. இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. வெளியே பனி. கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லையாம்.

போலீசில் சொல்லுங்கள் என்றேன். விசிட்டர் விசா எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் யோசிக்கிறேன் என்கிறார். சொந்தக்காரி மாதிரி வைத்திருந்தார் ஹம்சா. நவம்பரில் நாமெல்லோரும் அவள் கையால் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோமே. நீகூட இரண்டாவது அடை கேட்டு வாங்கினாய். ஏன் போக வேண்டும்? யாராவது கடத்திக்கொண்டு போயிருப்பார்களோ?

நீதான் பக்கத்தில் இருக்கிறாய். இந்த வாரமே அண்ணியைப் போய்ப் பார். ஆறுதல் சொல். உன் கிளினிக்கில் அந்த மாதிரி ஆட்கள்தானே வருகிறார்கள், யாரிடமாவது விசாரி.

ஜலஜா


ஜெர்சி சிட்டி
31 ஜனவரி 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது.

டாக்டரைப் போய்ப் பார்க்க என்னால் முடியாது. காரணம் கேட்காதே. கிளினிக்கில் விசாரிக்கவும் முடியாது. அங்கே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள். இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் தப்பு.

என்னைத் திட்டாதே அக்கா, இந்த ஒரு முறை.

ஹம்சா


குபெர்டினோ
6 பிப்ரவரி 1999

ஹம்சாவுக்கு,

ஆக, உனக்குத் தெரியும்.

இன்று வந்த உன் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள், எங்கே இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அண்ணி அங்கே அழுதுகொண்டிருக்கிறார், நீ வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய். என்ன பிள்ளை நீ?

இன்னொன்று. நேற்று அண்ணிக்கு ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சாந்தாமணியின் பெயர் அதில் இருக்கிறதாம். “ஒன் தங்கச்சிதான் இதெல்லாம் பண்றா” என்று உன் மாமா கத்தினார். நான் உன் பக்கம் பேசினேன். ‘எங்க ஹம்சா அப்படிச் செய்யமாட்டா’ என்று சத்தியம் பண்ணாத குறை. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நிற்பது? அவர் இன்று நியூ ஜெர்சிக்குக் கிளம்பிவிட்டார், அக்காவுக்குத் துணையாக.

மெடிக்கல் ஸ்கூலுக்கு ஏதோ பெரிதாகச் செய்து காட்ட வேண்டும் என்று எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொண்டாயா? பத்திரிகை வண்டி தள்ளினால் போதாதென்று?

உண்மையைச் சொல். இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே.

ஜலஜா


ஜெர்சி சிட்டி
21 பிப்ரவரி 1999

அக்கா,

இப்போது எழுதலாம். சாந்தாமணியே சொல்லச் சொன்னாள். “உங்க அக்காவுக்குச் சொல்லுங்க அம்மிணி. நான் களவாண்டுட்டு ஓடுனேன்னு நெனச்சுக்குவாங்க” என்றாள். அவளுக்காக டாக்டர்மேல் கேஸ் நடத்தும் வக்கீலையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்; அவர் பெயரும் முகவரியும் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை. நான் கிளினிக்கில் தெர்மாமீட்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படியில் இரண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி ஈக்வடார்க்காரி, வீடு சுத்தம் செய்கிறவள். இன்னொருத்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். அந்த இன்னொருத்தியின் ஸ்வெட்டரை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால், சாந்தாமணி. அவளும் என்னைப் பார்த்துப் பயந்துபோய்த் திரும்பப் படியேறப் பார்த்தாள். டாக்டர் வீட்டு ஆள் நான் என்று நினைத்துவிட்டாள்.

ஈக்வடார்க்காரி பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவள். சாந்தாமணி குப்பை போட வந்த வழியில், பனிமேல் ரத்தச் சுவடு இருந்ததைப் பார்த்திருக்கிறாள். பாஷை தெரியாது. சுவட்டைக் காட்டியிருக்கிறாள், காரைக் காட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

எங்கள் கிளினிக் டாக்டர் ரிடையரான வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க என்னை உட்காரவைத்துச் சொன்னார்: “அவள் சொல்கிறாள் என்று சொல்லாதே. அவள் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே.”

காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தார்கள். அக்கா, அந்தக் காலைப் பற்றி நான் எழுதமாட்டேன். இரண்டு விரல் கறுத்திருந்தது. நவம்பரில் அந்தக் காலோடுதான் நமக்கு அடை சுட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் இரண்டாவது அடை கேட்டபோது சமையலறைக்கு நடந்து போய்க் கொண்டுவந்தாள். நான் காலைப் பார்க்கவில்லை.

“வலிக்கிறதா?” என்று டாக்டர் கேட்டார்.

“வலியே இல்லீங்க. அதான் வேல செய்ய முடியுது.”

“எனக்கு வலியே இல்லை. அதனால்தான் வேலை செய்ய முடிகிறது” என்றேன் இங்கிலீஷில். டாக்டர் முகம் மாறியது. சர்க்கரை நோயில் வலி இல்லாமல் போவதுதான் ஆபத்தாம்.

“மருந்து சாப்பிடுகிறீர்களா?”

“டாக்டரம்மா சாம்பிள் மாத்திரை குடுப்பாங்க. இருந்தாக் குடுப்பாங்க. தீவாளிக்கு முன்னால இருந்தே அவிகளேதான் கட்டுப் போட்டு விடறாங்க.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். “எந்த டாக்டர்?”

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். “சொல்லலாமுங்களா அம்மிணி?”

என்னிடம்தான் கேட்டாள். தலையை லேசாக ஆட்டினால் போதும், வேண்டாமென்று. அவளும் பேசாமல் இருந்திருப்பாள். உன்னை நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த தென்றலை நினைத்தேன். எனக்கு வரவேண்டிய சிபாரிசுக் கடிதத்தையும் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு எதையும் விடாதே என்றாரே, அதனால் அந்தக் கேள்வியையும் இங்கிலீஷில் சொன்னேன்: “சொல்லலாமா?”

“அது உங்கள் விருப்பம்” என்றார் டாக்டர். அதைத் தமிழில் சொன்னேன். அவள் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அடுத்தபடியாக என் வாயால் நான் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவள் ஏற மறுத்தாள். “இட்டிலிக்கு அரிசி ஊறப் போட்டிருக்கறனுங்க, ஆட்டி வெக்கோணும்” என்றாள். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் எங்கே போனாலும் போலீஸ் பிடித்து ஜெயிலில் போடும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் டாக்டரிடம். இரண்டு வருடமாக அவள் அந்த வீட்டை விட்டுக் கோயிலுக்குத் தவிர எங்கும் போனதில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டபோதும் நான்தான் இருந்தேன். ‘என் கால்விரல்கள் இரண்டை எடுக்க நான் சம்மதிக்கிறேன்’ என்று சொன்னேன். சொல்லும்போது என் ஷூவுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

புஷ்பவல்லி டாக்டர் எனக்கு ஃபோன் செய்தார். குரலில் கோபமே இல்லை. “ஹம்சா, ஒன் லெட்டர் டைப் பண்ணி ரெடியா இருக்கும்மா. ஃபர்ஸ்ட் கிளாஸா எழுதியிருக்கேன். இந்த விஷயத்துல நீ நடுவுல வராதே. ஒனக்கு மெடிசின் இன்னும் தெரியாது, கன்ஃப்யூஸ் ஆயிடுவே.” நான் ரிசீவரை வைத்துவிட்டேன். கட்டுப் போட்டவர் அக்கா அவர். தினமும் பிரித்துப் பார்த்தவர். அவருக்குத் தெரியாமல் இல்லை.

இதுதான் உண்மை. இனி நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

ஹம்சா


குபெர்டினோ
8 மார்ச் 1999

ஹம்சா,

உன் கடிதத்தை நம்பவில்லை. மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அண்ணியிடமே கேட்டுவிடலாம் என்று ஃபோன் செய்தேன். இல்லை என்று சொல்வார், நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

“பாத்தேன் ஜலஜா” என்றார். “தெனமும் நான்தானே டிரெஸ்ஸிங் பண்ணினேன். ஹாஸ்பிடலுக்குக் கூட்டிட்டுப் போனா பேரு கேப்பாங்க, விசா கேப்பாங்க. என் லைசென்ஸ் என்ன ஆகும்? ஆறிடும்னு நெனச்சேன். அவளுக்கு நான் செஞ்ச மாதிரி யார் செய்வா?”

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து “என்ன மருந்து, எவ்வளவு?” என்று கேட்ட அதே குரல். ரிசீவரை வைக்கக்கூட மறந்து நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை டாக்ஸ் காகிதம் தேடி உன் மாமாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே இந்தியப் பாஸ்போர்ட். எங்களுடையது ஏதாவது தவறி இங்கே வந்துவிட்டதோ என்று பிரித்தால், சாந்தாமணி முகம்.

தென்றல் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். “அம்மா, தட்ஸ் த அடை லேடி! வொய் டூ வீ ஹாவ் ஹெர் பாஸ்போர்ட்?”

குழந்தைக்கு என்ன பதில் சொல்வது? உன் மாமா வந்ததும் கேட்டேன்.

“இது நம்ம வீட்ல ஏன் இருக்குதுங்க?”

“அக்கா பத்திரமா வெக்கச் சொல்லிக் குடுத்தா. நீ பாக்கலைன்னு வெச்சுக்க.”

“பாத்துட்டனே.”

“ஜலஜா, அது இல்லாம அவ கேஸ் நிக்காது. கொஞ்ச நாள்ல எல்லாம் அடங்கிரும். நம்ம குடும்பம் முக்கியமா, எவளோ ஒருத்தி முக்கியமா?”

இருபது வருடம் குடித்தனம் செய்த மனிதர் ஹம்சா. என் முன்னால் நின்று இதைச் சாதாரணமாகச் சொன்னார், பால் வாங்கி வந்தாயா என்று கேட்கிற மாதிரி.

இன்னொரு தடவை பாஸ்போர்ட்டைத் திறந்தேன். பிறந்த தேதியைப் பார்த்தேன். என்னைவிட மூன்று வயது சின்னவள். அறுபது வயதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ‘அந்தப் பெரியம்மா’ என்றுதான் பேசியிருக்கிறேன்.

இன்று காலை தென்றலைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகத் தபாலாபீசுக்குப் போனேன். நீ எழுதியிருந்த வக்கீலின் பெயருக்குப் பாஸ்போர்ட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன், திருட்டுத்தனமாக அல்ல. அவர் தடுக்கவில்லை. பேசவும் இல்லை. பக்கத்து அறையில் படுத்துக்கொள்கிறார்.

என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஃபோன் செய். இந்த முறை வைக்கமாட்டேன்.

அக்கா


ஜெர்சி சிட்டி
6 ஜூன் 1999

அன்புள்ள அக்கா,

நேற்று ஃபோனில் எவ்வளவோ பேசினோம், ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாந்தாமணிக்குப் பாதம் தப்பிவிட்டது. விரல்கள் மட்டும்தான் போயின. ஈக்வடார்க்காரியின் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டாள்: “டாக்டரம்மா எங்கிட்ட ஒரு வார்த்த பேசோணும்.” வக்கீல்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்டார்கள். நான் உறவுக்காரி, மொழிபெயர்க்க வேறு ஆள் வையுங்கள் என்றேன். சாந்தாமணி கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சரி என்றார்கள்.

புஷ்பவல்லி டாக்டர் பட்டுப்புடவையில் வந்தார். ஆஸ்பத்திரி அவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறது. இளைத்திருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. தன் வக்கீலைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் பேசினார். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, ‘நான்’ என்றே.

“நான் உன்னை என் கூடப்பிறந்தவளாக நினைத்தேன். என்னால் முடிந்த வைத்தியத்தை நான் செய்தேன். உனக்கு நேர்ந்ததற்கு நான் வருந்துகிறேன்.”

என் குரலில் அது வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

“நீங்க சித்த சும்மா இருங்க அம்மிணி. அவிகளுக்குத் தமிழ் தெரியுமல்லோ. நானும் அவிக ஊருதானே. அவிகளே சொல்லட்டும்.”

டாக்டர் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். இங்கிலீஷில் அவ்வளவு சரளமாக வந்தது தமிழில் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில், நம் பெரியம்மாவெல்லாம் பேசுவது போல, ஊர்ப் பேச்சில், மெதுவாகக் கேட்டார்:

“கால் இன்னும் வலிக்குதா சாந்தா?”

“வெட்டி எடுத்தாங்களே, அந்த இல்லாத வெரலு வலிக்குதுங்க” என்றாள் சாந்தாமணி. “அப்பொ வலிக்கல. இப்பொத்தான் வலிக்குது.”

டாக்டர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். டாக்டரின் வக்கீல் என் பக்கம் திரும்பி, என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டார்.

என் அப்ளிகேஷனை நாளை தபாலில் போடுகிறேன். சிபாரிசுக் கடிதம் கிளினிக் டாக்டரிடமிருந்து. கட்டுரையில் சாந்தாமணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நேற்று அதைக் கிழித்துவிட்டேன். அது அவள் கதை, என்னை உள்ளே சேர்த்துக்கொள்வதற்கான கதை அல்ல. தரை துடைத்ததையும் குஜராத்திப் பெரியவரையும் மட்டும் எழுதியிருக்கிறேன். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. வரும் சனிக்கிழமை கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வக்கீல் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்று சொல்லவில்லையே. எனக்கு வலது பக்கம் சாந்தாமணி, இடது பக்கம் டாக்டர். முதலில் டாக்டருக்காக இங்கிலீஷில் சொன்னேன்: “கால் இன்னும் வலிக்கிறதா, சாந்தா?” பிறகு சாந்தாமணிக்காக: “வெட்டி எடுத்தார்களே, அந்த இல்லாத விரல் எனக்கு வலிக்கிறது. அப்போது வலிக்கவில்லை. இப்போதுதான் வலிக்கிறது.” எதையும் சேர்க்கவில்லை. எதையும் விடவில்லை. அவ்வளவுதான் அக்கா. சாந்தாமணிதான் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

ஹம்சா